ஜூனில் வாடாத கோடை மலர்

வருஷத்துக்கு ஒரே ஒரு மாதம் மட்டும் பேசிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் எங்கள் ஆபீஸ் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் வந்து உட்கார்ந்தார். என் ஜாதக விசேஷம் அப்படி.

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டிலிருந்து எங்கள் கடலோர ஆபீசுக்கு ஊழியர் பஸ் போகும். கொளவாய் ஏரியைத் தாண்டி, திருக்கழுக்குன்றத்தைச் சுற்றிக்கொண்டு, அணுபுரத்தில் இன்னும் கொஞ்சம் பேரை அள்ளிக்கொண்டு போய்ச் சேரும். ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்த நம்ம ஆள் ஜூன் முதல் ஏப்ரல் வரை அந்த பஸ்ஸில் பேசிய வார்த்தைகள் மூன்றே மூன்று: 'ம்', 'சரி', 'எறங்கலாமா'. உட்காரும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. நடுவில் ஏதாவது கேட்டால் இன்னொன்று.

மே பிறந்துவிட்டால் ஆளே வேறு. படியில் கால் வைக்கும்போதே பேச்சு ஆரம்பித்திருக்கும். துணுக்கு, ஜோக்கு, சரித்திரம் எல்லாம் கலந்து கொட்டுவார். வாரப் பத்திரிகைகள் கோடையில் தடிமனாக ஒன்று போடுமே, அது நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் 'கோடை மலர்' என்று பெயர் வைத்தோம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

"சார், ஒட்டகச்சிவிங்கி கழுத்துல எத்தினி எலும்பு?"

"தெரியாதுய்யா."

"ஏழு. உங்க கழுத்துல?"

"அதுவும் தெரியாது. விடேன், தூங்கறேன்."

"ஏழுதான் சார்! அதுக்கும் ஏழு, உங்களுக்கும் ஏழு. அது மரத்து மேல எட்டிப் பாக்குது. நீங்க இன்னாடான்னா தொங்கப் போட்டுகினு வரீங்க!"

ஒரு தடவை, மே மாதம் எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கிழமையில் அந்த வருஷம் வேறு எந்த மாதமும் பிறக்காது என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அன்று எங்கள் பிரிவில் ஒரு ஃபைல்கூட நகரவில்லை. ஆளாளுக்குக் காலண்டரோடு உட்கார்ந்துவிட்டோம். சத்தம் போட வந்த அதிகாரி, "இந்த வருஷம் சரி, போன வருஷம்?" என்று கேட்டுப் பழைய காலண்டருக்கு ஆள் அனுப்பினார். எல்லா வருஷத்துக்கும் சரியாகவே வந்து தொலைத்தது. எங்களுக்கு அதுதான் எரிச்சல்.

துணுக்கைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜோக்கு சொல்ல ஆரம்பித்தால் தீர்ந்தது. முடிவு வருவதற்கு முன்னால் அவரே சிரித்துவிடுவார். சிரிப்பு அடங்குவதற்குள் ஆபீஸ் கேட் வந்துவிடும். மீதி சாயங்காலம்தான். ஒரு ராஜா ஜோக்கின் பாதியில் லீவில் போன கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீசுக்கே போன் போட்டார். "ஏனுங்க, அந்த ராஜா கடைசீல என்னதானுங்க சொன்னாரு?" இங்கிருந்து இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏன் இப்படி என்பதற்கு டிரைவர் அண்ணாத்த ஒரு காரணம் வைத்திருந்தார். "கத்திரி வந்தா செல பேருக்கு இப்டித்தான் சார் ஏறிக்கும். மழ பெஞ்சா சரியாப் பூடும்." நாங்களும் நம்பினோம். ஜூன் வந்ததும் மனிதர் 'ம்', 'சரி'க்குத் திரும்பிவிடுவார். மழைக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, ஒரு மே மாதம், மாமல்லபுரத்தில் சவுக்குத் தோப்பு ஒன்றில் எங்கள் ஆபீஸ் குடும்ப விழா நடந்தது. செய்யூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவியும் பஸ் பிடித்து வந்திருந்தார். அக்கா தங்கைகளெல்லாம் பிள்ளைகளோடு கூடுகிற மாதம் என்பதால் அந்தம்மா வருஷா வருஷம் மே முழுக்க அங்கேதான். பாட்டு, லெமன் ஸ்பூன் எல்லாம் முடிந்ததும் யாரோ கோடை மலரை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள்.

காலையில்தான் எல்லோரும் வெண்ணெய் உருண்டைக் கல்லைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அவர் மைக்கைப் பிடித்தார். "அந்தக் கல்ல நகத்தறதுக்கு வெள்ளக்காரன் காலத்துல யானைங்கள வுட்டு இழுத்துப் பாத்தாங்கன்னு சொல்வாங்க. அதுக்கும் முன்னால ஒரு ராஜா தள்ளிப் பாத்தானாம். நாள் முச்சூடும் யானைங்க தள்ளுது, கல்லு அசையல. மந்திரியக் கூப்ட்டு, 'இன்னாய்யா ஆச்சு?'ன்னான். மந்திரி சொன்னான், 'மன்னா, அந்தாண்ட உங்க மச்சானோட யானைங்க தள்ளிகினு கீது.'"

அதிசயம் என்னவென்றால், அன்று அவர் நடுவில் சிரிக்கவில்லை. தோப்பே சிரித்தது. கோயம்புத்தூர்க்காரர் நாற்காலியோடு மணலில் சாய்ந்தார். கோடை மலரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தார், பையை எடுத்தார், சாப்பிடாமல்கூட நேராக ரோட்டுக்குப் போய் செய்யூர் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஜூன் பிறந்தது. கோடை மலர் பேச்சை நிறுத்தவில்லை.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. அவர் சொன்னதில் புதுசாக ஒன்றுகூட இல்லை. ஒட்டகச்சிவிங்கி மறுபடி மறுபடி வந்து எட்டிப் பார்த்தது. குரலில் உயிரும் இல்லை. அண்ணாத்தயே ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டிக் கேட்டுவிட்டார். "இன்னா நைனா, காலண்டர் கிழிக்க மறந்துட்டியா? ஜூன் வந்து எம்மா நாளாச்சு!"

"அவ வந்தாத்தான் அண்ணாத்த ஜூனு" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மீதிப் பதினொரு மாதமும் அவர் ஊமையாக இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி உட்கார்ந்தால், படுக்கும்வரை மனைவியிடம் துணுக்காகக் கொட்டுவாராம். அந்தம்மா ஊருக்குப் போகிற மே மாதத்தில் வீட்டில் கேட்க ஆளில்லை. அதனால்தான் எங்கள் காது. இந்த வருஷம் அந்தம்மா திரும்பவே இல்லை. "வரமாட்டேன்" என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டாராம்.

பஸ் கூடி ஆலோசித்தது. 'மச்சான்' என்ற சொல்தான் வினை என்று ஏகமனதாக முடிவாயிற்று. தன் தம்பியைக் கிண்டல் செய்துவிட்டதாக அந்தம்மா நினைத்திருப்பார்! உடனே ஒரு கட்டு நுங்கும் மன்னிப்பும் செய்யூருக்குப் போயின. மச்சான் நுங்கைச் சாப்பிட்டுவிட்டு, மன்னிப்பு எதற்கென்று புரியாமல், இன்னும் நுங்கு கிடைக்குமா என்று சொல்லியனுப்பினார். அந்தம்மா அசையவில்லை. வெண்ணெய் உருண்டைக் கல்லே தேவலை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவரே கிளம்பினார். வழியெல்லாம் ஒட்டகச்சிவிங்கிகூட வரவில்லை. கர்ச்சீப்பை முறுக்கிக்கொண்டே வந்தார். "வருவாளா சார்?" என்று மட்டும் ரெண்டு தடவை கேட்டார்.

வீட்டு வாசலில் அந்தம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நாற்காலி வந்தது, அவருக்கு வரவில்லை.

"மச்சான்னு சொன்னது தப்புதாம்மா" என்று நான் ஆரம்பித்தேன்.

"மச்சானா? அதுக்கு இன்னா சார்? என் தம்பிய அவரு எதுனா சொல்லிக்கட்டும், அவன் அதுக்கு ஏத்தவன்தான்." கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டார். "கட்டிகினு வந்த நாள்லேர்ந்து எதுவா இருந்தாலும் மொதல்ல எங்கிட்டதான் சொல்லுவாரு. நல்லாக்கீதோ இல்லியோ, நான் கேட்டப்புறம்தான் ஊருக்கு. அன்னிக்கி எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிக்கறாங்க, நான் மட்டும் முழிச்சிகினு உக்காந்துனுகீறேன். பக்கத்துல ஒரு அம்மா, 'வூட்லயும் இப்டித்தான் சிரிக்க வப்பாரா'ன்னு கேக்குது. இன்னா சொல்லுவேன் சார்?"

வருஷக்கணக்காக நாங்கள் பஸ்ஸில் கேட்டதெல்லாம் இந்தம்மா ஏற்கெனவே கேட்டு முடித்த மிச்சம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் தலையைக் குனிந்தபடி நின்றார். "அது அங்க மைக்குல நின்னப்ப தோணிச்சி. வாய்ல வந்துடிச்சி." அப்புறம் மெதுவாக, "அதுக்கப்புறம் நெறைய சேந்து கீது. ஒண்ணுகூட யாருக்கும் சொல்லல."

"இந்த சாருக்கு?"

"சாருக்கும்தான்."

அந்தம்மா என்னைப் பார்த்தார். கோர்ட்டில்கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "மெய்யாலுமா சார்?"

"சத்தியமா சொல்றேம்மா. ஜூன் பூரா பழசுதான். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நீங்க வந்தாத்தான் எங்களுக்கு விமோசனம்."

முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்தில் அவருக்கு இடம் காட்டினார். பிறகு என்னிடம், "தப்பா நெனச்சிக்காதீங்க சார். நீங்க செத்த அந்தாண்ட போயி நில்லுங்க" என்றார்.

போனேன். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கிருந்து ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர் கைகள் மட்டும் தெரிந்தன. எதையோ பெரியதாகக் காட்டின, சின்னதாக்கின, மேலே தூக்கின. அந்தம்மா கன்னத்தில் கை வைத்து, அவரையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல முடிவுக்கு முன்னால் அவரே சிரித்துவிட்டார். அந்தம்மா அவர் தோளில் ஒரு அடி போட்டு, சொல்லி முடிக்க வைத்து, அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

இவரையா இத்தனை வருஷம் ரம்பம் என்று திட்டினோம் என்று இருந்தது. அந்தக் கொளுத்துகிற வெயிலில் தனியாக நின்றுகொண்டு, காதில் விழாத அந்த ஜோக்குக்கு நானும் சிரித்தேன்.