போன் காலை மனப்பாடம் செய்த மிக்சர்

மிக்சருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சவுண்ட்காரனை நம்பாதீர்கள். ஒன்று, அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இல்லை, ஒன்றும் தெரியாது என்பது அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நான் அப்படித்தான் நின்றேன். இரண்டாவது ரகம்.

கடலூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர் செந்தில். என் மனைவி உஷாவின் அண்ணன், எனக்கு மச்சான். புதிதாக ஒரு டிஜிட்டல் மிக்சர் வாங்கியிருந்தார். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர்களுக்கு அடியில் மோட்டார் உண்டு. ஒத்திகையில் நாம் எதை எப்போது ஏற்றினோம், இறக்கினோம் என்று பதிந்துகொண்டு, நிகழ்ச்சியில் பாட்டு ஓட ஓட அதுவே நகர்த்திவிடும். இதற்குப் பெயர் ஆட்டோமேஷன். மூன்று நாள் வீடியோ பார்த்துக் கற்றிருந்தேன். (அதில் பாதி விளம்பரம்.) கை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று மச்சான் கேட்டார். நாளைக்கு நான் மிக்சரைத் தொடவே மாட்டேன், பாருங்கள் என்று சவால் விட்டேன்.

நிகழ்ச்சி ஒரு பரதநாட்டிய அரங்கேற்றம். ஆடும் பெண்ணுக்குப் பரங்கிப்பேட்டை பக்கம் கடலோர ஊர். அப்பா ராமலிங்கம் படகில் போகிறவர். அந்த ஊரிலிருந்து மேடையேறும் முதல் பெண் அவர் மகள் கயல்விழி. பார்க்க இரண்டு பஸ் நிறைய சொந்தக்காரர்களைக் கூட்டி வந்திருந்தார். பாட்டு கம்ப்யூட்டரில். டீச்சரின் நட்டுவாங்கத் தாளமும் மிருதங்கமும் மேடையில்.

முந்தின நாள் மத்தியானம் ஒத்திகை. வர்ணம் அரை மணி நேர உருப்படி. பாதியில் கயல்விழியின் சலங்கை வார் அறுந்துபோய் அவள் உட்கார்ந்துவிட்டாள். அதே நேரம் உஷாவிடமிருந்து போன். பாட்டை நிறுத்தினால் பதிவு போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் பாட்டை ஓடவிட்டு, ஏழு ஃபேடர்களையும் கீழே இறக்கிவிட்டு, "ம்... ம்... சரி... சரி" என்று பேசி முடித்தேன். பிறகு ஏற்றினேன். அவளும் வந்து மீதியை ஆடினாள். நானும் பதிவைச் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை, மண்டபம் நிறைந்த கூட்டம். வர்ணம் ஆரம்பித்தது. ஃபேடர்கள் தாமாக ஏறி இறங்கின. மச்சான் வாய் பிளந்து பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

பாதி வர்ணத்தில் ஏழு ஃபேடர்களும் சேர்ந்து, கோயில் யானை மண்டி போடுவதுபோல, மெதுவாகக் கீழே இறங்கின. பாட்டு இல்லை. மேடையில் டீச்சர் தட்டும் தாளமும் மிருதங்கமும் மட்டும் மைக் இல்லாமல் டிக் டிக் என்று சன்னமாகக் கேட்டன. கூட்டத்தில் கரண்ட் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். (தலைக்கு மேல் ஃபேன் சுற்றுவதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.) கயல்விழி ஆடிக்கொண்டே என் பக்கம் பார்த்தாள்.

பாய்ந்து ஏற்றினேன். பாட்டு வந்தது. விரலை எடுத்தேன், ஃபேடர் மறுபடி கீழே போனது. ஏற்றினேன், போனது. ஒத்திகையில் நான் செய்தது எதுவோ அதைத்தான் செய்வேன் என்று நின்றது மிஷின். ஆட்டோமேஷனை அணைக்க ஒரு இடம் உண்டு. அதைத் தேடக் கை வேண்டும். என் கை இரண்டும் ஃபேடர்மேல் இருந்தன. பாட்டு இடது கோடியில், மொத்தச் சத்தத்துக்கான மெயின் வலது கோடியில். நான் மிக்சர்மேல் ஏறக்குறையப் படுத்துவிட்டேன். விரல் வேறு வேர்த்து வழுக்கியது. அந்தப் பெண்ணின் ஏழு வருஷப் பயிற்சி என் சுண்டு விரலில் தொங்குகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

என்ன ஆச்சு என்று கேட்க ராமலிங்கமே ஓடி வந்தார். அவர் விரலைப் பிடித்துப் பாட்டு ஃபேடர்மேல் வைத்தேன்.

"வுட்டுடாதீங்க."

"வலை இழுக்கற கை சார். வுட மாட்டேன்."

மச்சான் இந்தப் பக்கம் இரண்டைப் பிடித்தார். மீதி நாலும் என் இரண்டு கையில். எவ்வளவு நேரம் இப்படியே நிற்பது என்று பல்லைக் கடித்தார். நேற்று போன் பேசி முடித்த இடத்தில் ஃபேடர்கள் தாமே ஏறும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"என் பாக்கெட்லேர்ந்து போன எடுங்க மச்சான். நேத்து உஷா எவ்ளோ நேரம் பேசுனான்னு பாருங்க."

பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோல் பார்த்தார். ஒரு கையால் எடுத்துப் பார்த்தார்.

"ஆறு நிமிஷம் நாப்பது செகண்டு."

மூன்று ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றிக் குனிந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மனைவி எவ்வளவு பேசுவாள் என்பதை நான் அவ்வளவு கவனமாக அளந்தது அன்றுதான். கணக்குத் தப்பாமல் ஃபேடர்கள் விரலுக்கடியில் மெல்ல அசைந்து தாமே மேலே நின்றன. கயல்விழி தாளம் தப்பாமல் முடித்தாள். கைதட்டலில் ராமலிங்கம் அழுதார். விரலை மட்டும் எடுக்கவில்லை. நான்தான் பிரித்து எடுத்தேன்.

எல்லாம் முடிந்து வேனில் கடலூர் திரும்ப மணி மூன்று. எங்கள் வீட்டு வாசலிலேயே மச்சான் ஆறு நிமிஷம் நாற்பது செகண்ட் கதையை உஷாவிடம் நடித்துக் காட்ட ஆரம்பித்தார். அவள் சிரிக்கவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டாள். எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

"நாளைக்கு அம்மா குமராட்சிலேர்ந்து பன்னண்டு மணி மினிபஸ்ல வர்றாங்க, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க, வேன்ல கூட்டியாங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன்."

உஷாவின் அம்மா என்றால் மச்சானுக்கும் அம்மா. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. என் மாமியார் சார்ஜ் வீணாகும் என்று போனை அணைத்துப் பையில் போட்டுக்கொள்கிறவர். வேனைத் திருப்பிக்கொண்டு போனபோது மணி நாலரை. பையை மடியில் வைத்தபடி, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் மச்சான் சொன்ன ஃபேடர் கதையைக் கேட்டும் திட்டவில்லை. ஆனால் இன்றுவரை என்னிடம் நேராக எந்தச் சேதியும் சொல்வதில்லை. உஷாவைக் கூப்பிட்டு, நான் காதில் வாங்கும்படியே கேட்பார்: "மாப்ள ஃபேடர ஏத்திட்டாராம்மா? சொல்லலாமா?"