ரொறன்ரோச் செடிக்கு அச்சுவேலியில் பார்த்த வைத்தியம்

வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற விவசாயப் போதனாசிரியருக்கு ஓய்வு என்பது கிடையாது. பகல் முழுக்க வெங்காயத் தோட்டங்களில் வெயிலில் காய்ந்துவிட்டு வந்து தேத்தண்ணியைக் கையில் எடுத்தால், வாட்ஸ்அப்பில் நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். லண்டன் மாமியின் கறிவேப்பிலை இலை கொட்டுகிறது. பாரிஸ் சித்தப்பாவின் கத்தரி பூக்கிறது, காய்க்கவில்லை. (வெளியில் பனி கொட்டும்போது கத்தரி ஏன் காய்க்க வேண்டும் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் குடும்பச் சண்டை.)

அலுப்புத்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு புளுகமும் பெருமையும் இருந்தது. படத்தைப் பார்த்தே நோய் சொல்கிறவள் என்று வலிகாமப் பகுதி முழுக்க எனக்குப் பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் ஒரு பதவி உயர்வுக்கும் காத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி ஒரு தண்டின் படத்தை அனுப்பினான். தண்டு மட்டும். அடியிலிருந்து மேலே ஊதா நிறம் ஏறியிருந்தது. இலைக் காம்புகளும் அதே நிறம்.

“அக்கா, செத்துப்போகுமோ?” என்றான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவன் இவ்வளவு கவலையாகக் கேட்டதில்லை.

“என்ன செடியடா?”

“ஒரு மூலிகை அக்கா. முழங்கால் நோவுக்கு.”

பாவம், பனிக்குள் நின்று வேலை செய்கிற பிள்ளை என்று மனம் இளகிவிட்டது. விசாரணையைத் தொடங்கினேன்.

“நகத்தாலை தண்டைச் சுரண்டிப் பார். உள்ளுக்கை பச்சையோ, மண்ணிறமோ?”

பச்சை என்றான். அப்படியென்றால் அழுகல் இல்லை.

“எங்கை வைச்சிருக்கிறாய்?”

“கீழ் அறையிலை, சீமெந்து நிலத்திலை. மேலை லைற் போட்டிருக்கு.”

அங்கே பிடித்துவிட்டேன். வேர் குளிரில் விறைத்தால், மண்ணில் பொஸ்பரஸ் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. தண்டு ஊதாவாகும். “சாடியைத் தூக்கிப் பலகையிலை வை. அறையைச் சூடாக்கு. தண்ணியைக் குறை. பயத்திலை உரத்தைக் கொட்டிப்போடாதை” என்றேன்.

ஒரு மாதத்தில் மறு படம் வந்தது. ஆளுயரச் செடி. புதிதாக வந்த தண்டெல்லாம் பச்சைப் பசேல். இலைகள் விரல் விரலாக விரிந்திருந்தன. புளிச்சைக்கீரை இனமாக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். (சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. கஞ்சா என்றால் எனக்குத் தெரிந்தது, கடற்கரையில் பிடிபட்டுப் பத்திரிகைப் படத்தில் மேசை நிறைய அடுக்கியிருக்கும் பொதிகள்தான். அதற்கும் வேர், தண்டு, இலை உண்டு என்று இந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை.)

அச்சுவேலிப் பக்கத்தில் தோட்டம் செய்கிற கமக்காரருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். மேலதிகாரி என் உரையைக் கேட்க வருவதாக ஏற்பாடு. அது சரியாக அமைந்தால் பதவி உயர்வு எனக்குத்தான். மிளகாய்க் கன்றைத் திரையில் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். எனக்கென்ன கேடு? வைத்தியத்துக்கு முன், வைத்தியத்துக்குப் பின் என்று தம்பியின் செடியைப் போட்டேன். நீர்ப்பம்பிக் களவு பற்றிப் பேச வந்திருந்த பொலிஸ் இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

ஆளுயரச் செடி திரையில் வந்ததும் மண்டபம் அமைதியானது. என் பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்கிற கந்தையா அண்ணை பின்வரிசையில் எழும்பினார்.

“பிள்ளை, உது கஞ்சாவெல்லோ?”

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். நான் சிரித்தேன்.

“இல்லை அண்ணை, பாக்க அப்பிடித்தான் இருக்கும். உது புளிச்சை இனம். சாகக் கிடந்தது. நான்தான் வைத்தியம் பார்த்து வளர்த்தெடுத்தனான். இப்ப என்ன செழிப்பெண்டு பாருங்கோ!”

மேலதிகாரி கண்ணை மூடினார். இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார்.

“மிஸ், செடி எங்கை நிக்குது?”

“என்ரை தம்பி வீட்டிலை. அறைக்குள்ளை.”

“அறைக்குள்ளையோ?”

“ஓம், லைற் போட்டு.”

“ஐயோ பிள்ளை, இனிக் கதையாதை” என்று கந்தையா அண்ணை தலையில் கை வைத்தார்.

தம்பி வீடு ரொறன்ரோவில் என்று நான் சொன்னதை இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அரை மணித்தியாலத்தில் நான் பொலிஸ் ஜீப்பில் என் வீட்டு வாசலில் இறங்கினேன். கேற்றைத் திறந்த, கணக்கு வாத்தியாரான என் கணவர் என்னையும் இன்ஸ்பெக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆரைப் பிடிச்சுக்கொண்டு வாறியள்?”

“என்னை” என்றேன்.

அறை, குசினி, கோழிக்கூடு எல்லாம் தேடினார்கள். தம்பி கனடாவில் இருக்கிறான் என்று நான் மறுபடியும் அழாக்குறையாகச் சொன்னேன். “அப்ப எடுங்கோ, நானும் கேக்கிறன்” என்றார் இன்ஸ்பெக்டர். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டேன். இவன் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் என் உத்தியோகமும் போகும், மானமும் போகும்.

“தம்பி, அது என்ன செடியடா?”

“கஞ்சாதான் அக்கா. இஞ்சை வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம், சட்டம் விடும்.”

எனக்கு மூச்சு வந்தது. அவனோ நிறுத்தவில்லை.

“உங்கடை கை நல்ல ராசியான கை அக்கா. பூ காய்ஞ்சவுடனை உங்களுக்கும் கொஞ்சம் பார்சலிலை போட்டுவிடட்டோ?”

தொலைபேசியைப் பறித்து நிறுத்தியவர் என் கணவர். இன்ஸ்பெக்டர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். வழக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொலிஸ் விட்டாலும் என் விவசாயக் கந்தோர் விடவில்லை. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். தெரிந்து காட்டினேன் என்றால் வேலை போகும். தெரியாமல் காட்டினேன் என்றால் பெயர் போகும். ஒரு பின்னேரம் முழுக்க வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் அழுகை வந்தது. கடைசியில், “சில செடிகளை இனங்காண்பதில் எனக்குப் போதிய அறிவு இல்லை” என்று என் கையாலேயே எழுதி ஒப்பமிட்டேன். வேலை தப்பியது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அந்தக் கடிதம் இன்றும் கந்தோர் அலுமாரியில் என் பெயர் போட்ட கோவையில் இருக்கிறது. நான் ஓய்வு பெறும்வரை இருக்கும்.

அனுப்ப முன்னர் அதை எழுத்துப்பிழை பார்த்தவர் என் கணவர். அது நான் செய்த அடுத்த பிழை. இன்றுவரை அவர் சந்தையால் வந்தால், பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் குசினி மேசையில் வைத்து எனக்கு அறிமுகம் செய்கிறார். “இது முருங்கைக்காய். இது பயித்தங்காய். இது கீரை. பயப்பிடாதையும், சட்டப்படி சாப்பிடலாம்.” பிள்ளைகள் சோற்றுக் கோப்பையோடு உருண்டு சிரிக்கும். எனக்குச் சண்டை பிடிக்கவும் இப்போது தெம்பில்லை.

வீட்டோடு நின்றால் பரவாயில்லை. போன கிழமை கந்தையா அண்ணை வெங்காயத் தாள் நுனி கருகுது என்று தோட்டத்துக்குக் கூப்பிட்டார். வரம்பில் குந்தி ஒரு கன்றைத் தொட்டேன். அவர் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மிகுந்த அன்போடு சொன்னார்:

“பிள்ளை, இது வெங்காயம்.”

“தெரியும் அண்ணை.”

“ஓமோம், தெரியும்தான். ஒருக்காச் சொல்லி வைச்சனான்.”