பன்னிரண்டு வோல்ட்

எண்களில் உத்தமமானது பன்னிரண்டு. இந்த உண்மையை 1990ஆம் ஆண்டு சந்தோஷ் நகர் குடியிருப்போர் நலச் சங்கம் தன் செயற்குழுக் கூட்டத்தில் ஒருமனதாகக் கண்டறிந்தது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் வழியில், வயல்கள் மனைகளாகி, மனைகள் நகராகி, ரோடு மட்டும் வயலாகவே நின்றுவிட்ட இடம் சந்தோஷ் நகர்.

சங்கத்தின் ஆண்டு விழா நடந்த ஞாயிறு மாலை, வரவேற்புரைக்காகப் புறப்பட்ட ஞானையா தன் மனைவி தபீதாளிடம், "மேல் பட்டனைப் போடணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், கழுத்தை இறுக்கும்" என்றாள்.

போடாமல் போனார். அவர் அவளிடம் கடைசியாகக் கேட்ட யோசனை அதுதான். அதைக் கேட்டபடியே நடந்துகொண்டார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். முந்தைய மாதம் அவள் சொன்ன இன்னொரு யோசனைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

விழாவுக்கு மைக் செட் வேண்டும். வாடகைக்கு எடுப்பது ஆடம்பரம் என்று தலைவர் ஸ்ரீநிவாசராகவன் கருதினார். அப்போது துணைத் தலைவர் ஜெயவேலு எழுந்தார். பூர்வீக நிலத்தை மனை போட்டு விற்றவர். ஊரில் ஸ்டெபிலைசர் பழுது பார்க்கிறவரும் அவர்தான். தேர்தல் பிரசாரத்துக்குச் சுற்றிய பழைய அம்பாசடர் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். கார் துருப்பிடித்துப் போயிற்று; அதிலிருந்த ஆம்ப்ளிஃபையரும் மைக்கும் ஹாரன் ஸ்பீக்கரும் மட்டும் தப்பித்தன.

"கார் ஆம்ப் சார். அடிச்சா பெருங்களத்தூர் வரிக்கும் கேக்கும்."

"கார் வேணுமே, மிஸ்டர் ஜெயவேலு?"

"கார் இன்னாத்துக்கு? அதுக்கு பன்னண்டு வோல்ட்டு குட்த்தா போதும். கார்லதான் கீறோம்னு அது நெனைச்சிக்கும்."

ஆம்ப்ளிஃபையரை ஏமாற்றும் வழியை ஆராயத் 'தொழில்நுட்ப உபகுழு' அமைக்கப்பட்டது. அதன் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் ஜெயவேலுவே என்பதால் கருத்து வேறுபாடு எழவில்லை. புது பேட்டரி என்றது முதல் யோசனை. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கம்பி சுற்றி வாங்கலாம் என்றது இரண்டாவது. மூன்றாவது, ஜெயவேலு வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஸ்டெபிலைசர். அதன் சுருளிலிருந்து இரண்டு கம்பியை வெளியே இழுத்து, நாலு டயோடு வைத்தால் பன்னிரண்டு வோல்ட் தயார், அதுவும் இலவசம். 'இலவசம்' என்ற சொல் காதில் விழுந்ததும் மற்ற இரண்டு யோசனைகளும் தாமாகவே வெளிநடப்பு செய்தன.

அடுத்த கூட்டத்துக்கு ஜெயவேலு அந்தப் பெட்டியைச் செய்தே கொண்டுவந்தார். தபீதாள் அந்தக் கூட்டத்தில் 'மகளிர் பிரதிநிதி'. டீ கொண்டுவருவது அந்தப் பதவியின் அதிகாரங்களில் அடங்கும். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் என்பது அடங்காது. டம்ளர்களை வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"சார், ஸ்டெபிலைசர்ல ஒரே சுருள்தானே? வீட்டுக் கரண்ட் அப்படியே அதுல வந்துடுமே?"

ஜெயவேலு மீட்டரின் இரண்டு ஊசிகளையும் இரண்டு கம்பிகளில் வைத்தார். "பாரு டீச்சரம்மா. பன்னண்டு. ஒரு எறும்புகூட சாவாது."

"அது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல பன்னிரண்டு. தரைக்கு எவ்வளவு? மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மூணடி உயரம்தான். அதுக்காக அந்தப் பக்கம் குதிக்க முடியுமா?"

"இன்னா சார், கரண்ட்ட பத்தி கேட்டா மாடிய பத்தி சொல்லுது!"

குழு சிரித்தது. ஞானையாவும் கொஞ்சம் சிரித்தார். எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"சரி, எர்த்தாவது குடுங்க. தோட்டத்துல ஒரு குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, ஒரு பைப்பை எறக்குங்க. பெட்டியில கரண்ட் வந்தா ஃபியூஸ் போயிடும்."

"ஃபியூஸ் போச்சுன்னா விழா நின்னுடுமே, மிஸஸ் ஞானையா!" என்று தலைவர் பதறினார். "அதோட, குழியா? ரோட்டுக் குழியை எதிர்த்துத்தானே இந்தச் சங்கமே பொறந்தது. நாமளே குழி வெட்டினா நகராட்சிக்காரன் சிரிப்பான். கொள்கைன்னு ஒண்ணு இருக்கு."

குழி நிராகரிக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் வழியில் ஞானையா, "விடு தபீ, பெரியவங்க சொல்றாங்க" என்றார்.

ஜெயவேலு தன் கொட்டகையில் ஒரு வாரம் 'மைக் டெஸ்டிங்' நடத்தினார். செட் அற்புதமாகப் பாடியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உபகுழுவின் அறிக்கை இதை விரிவாகப் பாராட்டுகிறது. அவர் காலில் ரப்பர் செருப்பு இருந்ததைப் பற்றி அறிக்கையில் குறிப்பு இல்லை.

விழாவன்று மழை. ஆகவே பந்தலிலிருந்து தலைவர் வீட்டுக் கூடத்துக்கு விழா நகர்ந்தது. சங்கத்தார் பண்பாடு மிக்கவர்கள். ஒருவர்கூடச் செருப்போடு உள்ளே போகவில்லை. வாசலில் நாற்பது ஜோடி கிடந்தன. அப்போதுதான் துடைத்த சிவப்புத் தரையில், ஈரக் காலோடு நின்று, ஞானையா மைக்கைப் பிடித்தார். சர்ச்சில் வேதம் வாசிக்கும் குரல் அவருடையது.

"அனைவருக்கும் வணக்—" என்றார்.

"ஆம்ப் கட்டாயிடுச்சி" என்றார் ஜெயவேலு.

"பாவம், ஞானையா உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்றார் தலைவர். முன் வரிசை கைதட்டியது.

ஞானையா மைக்கை விடவில்லை. விட முடியவில்லை என்பது சங்கத்துக்குப் பிடிபட நேரமாயிற்று. ஜெயவேலு மின்னலாகப் பாய்ந்து, கம்பிகளில் மீட்டரை வைத்தார். "கரீக்டா பன்னண்டுதான் காட்டுது சார்!" என்று கத்தினார்.

வாசலில் டீ ஊற்றிக்கொண்டிருந்த தபீதாள் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். அதை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஆனால் அது எந்தக் குழுவிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

பதினாறாம் நாள் தலைவரும் துணைத் தலைவரும் தீர்மானப் புத்தகத்தோடு வந்தார்கள். 'எமது செயற்குழு உறுப்பினர் ஞானையா அவர்கள் வரவேற்புரையின்போது இயற்கை எய்தினார்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிக் காகிதமும் இதயம் நின்றது என்றே சொன்னது. செத்தவர்கள் எல்லாருக்கும் அது பொருந்தும்.

"கீழே ஒரு கையெழுத்து" என்றார் தலைவர். "எங்க மேல வருத்தம் இல்லேன்னு."

"இயற்கை எய்தலை சார். ஜெயவேலு அண்ணன் செயற்கையா எய்த வச்சாரு. அப்படியே எழுதுங்க, போடறேன்."

"யம்மா, நான் மீட்டர வெச்சி பாத்தேம்மா..."

"அண்ணன் பேரை அப்புறம் எழுதிக்கலாம். 'செட்டுக்கு எர்த் இல்லை.' அந்த ஒரு வரியை மட்டும் சேருங்க. அடுத்த வருஷம் இன்னொருத்தர் மைக் பிடிப்பாரு."

"சங்கத்துக்குக் கெட்ட பேர் வந்துடும்மா" என்றார் தலைவர். "எர்த்துக்கு அன்னிக்கே ஒரு குழி வெட்டியிருந்தா—"

"குழி வெட்டியாச்சு சார். சங்கத்துக்குச் செலவே இல்லை. நாங்களே வெட்டிக்கிட்டோம். ஆறடி."

தலைவர் புத்தகத்தை மூடினார். தபீதாளின் கையெழுத்து இல்லாமலே தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியதாக அடுத்த கூட்டத்தில் அறிவித்தார்கள்.

இப்படியாக, சந்தோஷ் நகரின் ஏடுகளிலெல்லாம் ஞானையாவின் சாவுக்கும் மின்சாரத்துக்கும் எந்த உறவும் இல்லை. தபீதாள் வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் மின் அட்டையில்தான் கொஞ்சம் நேர்மை மிச்சமிருந்தது. கணக்கெடுக்க வருகிறவர், "பேர் மாத்தணும்னா எழுதிக் குடுங்கம்மா" என்பார். அவள் இன்றுவரை கொடுக்கவில்லை. அதில் அச்சடித்தபடியே இருக்கிறது: 'மின் நுகர்வோர்: ஞானையா.'