மேகம் மேய்ப்போர் நலச் சட்டம்

மேகங்களை மேய்த்துப் பயிர் செய்யும் நாடு ஒன்று இருந்தது. அதன் மலையுச்சியில் வேலை பார்த்த இன்பவல்லி கடைசியாகக் கண்ணயர்ந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

வேலை பார்வைக்கு எளிதுதான். நீண்ட மூங்கில் கோலால் மேகத்தின் விலாவை மெல்லத் தொட வேண்டும். அது அசைந்து, சற்று யோசித்து, வயல்களுக்கு மேலே நகரும். ஆறு பேர் பார்த்த வேலையை இப்போது இன்பவல்லியும் சடையனும் மட்டும் பார்த்தார்கள். மற்ற நான்கு கோல்களும் பாறையில் சாய்ந்தபடி பாசி பிடித்திருந்தன. அந்த நால்வரும் நீண்ட ஓய்வில் இருப்பதாக அரண்மனை அறிவித்திருந்தது. வேறு விதமாகச் சொல்வது நாட்டின் மன அமைதியைக் குலைக்கும் குற்றம்.

மேய்ப்பர்கள் களைத்திருப்பதாகக் கேள்விப்பட்ட மன்னர் மனம் உருகி, நலத்துறைக்கென்றே பேரின்பநாதர் என்பவரை அமைச்சராக்கினார்.

முதல் சட்டம் வந்தது. வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் இரண்டு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து தன்னைத் தானே நேசிக்க வேண்டும். நடுவில் தூங்கினால் மறுபடியும் முதலிலிருந்து.

ஓய்வு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அடுத்த சட்டம். அதற்காக இருவரும் முதுகில் இலவம்பஞ்சுத் தலையணையைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். தலையணைகள் மேகத்தைக் குடித்துக் குடித்து, நண்பகலுக்குள் கல்லாய்க் கனத்தன.

அதன் பிறகுதான் சடையன் நின்றபடியே தூங்கத் தொடங்கினான். யாரோ கூப்பிட்டதுபோல அவன் கால்கள் வெண்மைக்குள், விளிம்பை நோக்கி நடந்தன. இன்பவல்லி ஒரு கயிற்றை எடுத்து, ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டினாள்.

"என்ன தாயி, மாட்டைக் கட்டுற மாதிரி கட்டுற?"

"மாடு பரவால்லண்ணே. விளிம்பைப் பாத்தா நின்னுக்கும்."

"நான் எங்க தூங்கினேன்? கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தேன்."

"அமைச்சர் காதுல விழுந்தா பதக்கமே குடுத்துருவாரு. சும்மா நில்லுங்க."

அன்று மன்னரின் பிறந்தநாள். பேரின்பநாதர் பல்லக்கில் வந்து இறங்கினார். ஆளுயரக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, அதன் முன் ஒரு சங்கை வைத்தார்கள். சங்கில் சொல்வது நாட்டின் ஒவ்வொரு முற்றத்திலும் கேட்கும். தம் முகத்தைப் பார்த்து 'நான் நலம்' என்று மேய்ப்பர்கள் தினமும் சொல்ல வேண்டும் என்பது புதிய சட்டம். நீண்ட ஓய்வில் இருக்கும் நால்வருக்கும், தன்னைப் பேணுவதில் சிறந்தவர் என்ற பதக்கம் வழங்கப்பட்டது. பதக்கங்களை அந்த நான்கு கோல்களில் மாட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு அமைச்சர் கயிற்றைக் கவனித்தார்.

"என்ன இது?"

"அண்ணன் தவறிடாம இருக்கக் கட்டியிருக்கேன் ஐயா."

"அம்மணி, ஒருவரை மற்றவர் பேணுவது அத்துமீறல். தன்னைத் தானே பேணத்தானே இத்தனை சட்டம் போட்டிருக்கிறோம்? அவிழுங்கள்."

சேவகர் இருவர் நெருங்கினார்கள். சடையன் கண்களை மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தான். கனவில் எங்கோ போய்க்கொண்டிருந்தான். கயிறு விறைத்து இன்பவல்லியின் இடுப்பை இழுத்தது.

அவள் அதிர்ந்து பேசியே பழகாதவள்.

"கண்ணாடி முன்னால சொல்லிட்டு வந்துடுறேன் ஐயா."

"பார்த்தீர்களா, என்ன ஆர்வம்!" என்று அமைச்சர் மகிழ்ந்தார்.

கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தபடி அவள் சங்கருகே குனிந்தாள். கண்ணாடியில் அவள் முகத்துக்குப் பின்னால் நான்கு பதக்கங்கள் காற்றில் சுழன்றன. கீழே, மேகங்களுக்கு அடியில், நாடு முழுவதும் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த நாலு பேரும் ஓய்வுல இல்ல," என்றாள். "தூக்கத்துல இங்கருந்து விழுந்து செத்துட்டாங்க."