வேங்கை வோல்ட் அருந்திய முனியராஜன் திரி தேடிய படலம்

வாழ்க முனியராஜன்! ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே, கருவேலங்காட்டுக்கும் கரிசல் தரிசுக்கும் நடுவே, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல் எட்டி எட்டி நிற்கும் பட்டாசுக் கம்பெனி அறைகளில் பதினாறாம் எண் அறையின் அதிபதி. அலுமினியப் பொடி படிந்து முழங்கை வரை வெள்ளிக்கவசம் பூண்டவன். புஸ்வாணக் கூம்புகளின் அடியை மண்ணிட்டு அடைக்கும் பெருந்தொழிலோன். தான் மீசை என்றும் பிறர் அழுக்கு என்றும் கருதும் ஒன்றை மேலுதட்டில் தாங்கிய மாவீரன். இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தன்னை எவரும் வாழ்த்தாத குறையை அவன் இக்கணம் தீர்த்துக்கொள்வானாக!

அவன் வேண்டியது மணிமுடியன்று, மாடமாளிகையன்று. முதுகில் மஞ்சள் எழுத்தால் கம்பெனிப் பெயர் பொறித்த ஒரு கறுப்பு டி-ஷர்ட். கோயில் கொடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வெளியூர் சென்று வாணவேடிக்கை காட்டும் அறுவர் குழுவுக்கு மட்டுமே உரிய அந்தத் திருவாடையை அணிந்திருந்த பலவேசம் என்பவன், கல்யாணம் முடித்துத் திருப்பூருக்குப் போய் பனியன் தைக்கத் தொடங்கிவிட்டதால், அறுவர் ஐவராகி, வேனில் ஓர் இருக்கை காலியாயிற்று. அந்த வேனோ மறுநாள் மாலை கடலோர ஊரொன்றின் கொடைக்குப் புறப்படவிருந்தது. பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கால் நனைக்கக்கூடிய கடலை, பிறந்த நாள்தொட்டு செல்போனில் மட்டுமே தரிசித்தவன் நம் தலைவன். தலைக்கு மேலே தான் கொளுத்திய வாணம் பூத்து விரிய, அதன் ஒளி அலைமேல் நெளிய, தான் மட்டும் அண்ணாந்து பார்க்காமல் கடலையே பார்த்து நிற்கும் கோலத்தை அவன் மூன்று வருடமாக மனத்துக்குள் வரைந்து, அழித்து, டி-ஷர்ட்டைச் சற்று இறுக்கமாக்கி மீண்டும் வரைந்து வந்தான்.

இருக்கையைக் கேட்டவர் இருவர். ஒருவன் முனியராஜன். மற்றொருத்தி திரி வெட்டும் அறையின் மாரிசெல்வி. இவ்விருவருக்கும் நடுவராய் எழுந்தருளினார் போர்மேன் வெள்ளைத்துரை. முப்பது வருடம் வெடிமருந்தோடு பழகியும் பத்து விரலும் பத்திரமாய் இருப்பதையே தம் பட்டயமாகக் கொண்ட அப்பெருந்தகை, தொழிலாளர் புடைசூழத் திருவாய் மலர்ந்தருளியதாவது:

“நாளைக்கு மூணு மணிக்குப் பொட்டல்ல வச்சுப் பாப்போம். ஆளுக்கு மூணு புஸ்வாணம், ஒரே ஊதுபத்தி. ஒரு தொடுக்கு ஒண்ணு பத்தணும். ஓடப்பிடாது, நடந்து வரணும். தேறுன ஆளு அப்படியே வேன்ல ஏறிக்கிடலாம்.”

புஸ்வாணம் கொளுத்துவது! அரைஞாண் கயிறு மட்டும் அணிந்த பிள்ளைகளும் அத்தீரச் செயலை ஆற்றும் பூமியில், வேறெவனும் இந்தப் பரீட்சைக்கு ஒரு கொட்டாவியைத்தான் தயாராக வைத்திருப்பான். நம் தலைவனோ தயாரிப்பில் இறங்கினான். வீரர்கள் வீழ்வதெல்லாம் இப்படித்தான்.

அப்போது தோன்றிற்று, பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையின் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து, செங்கதிர் நிறத்துச் சிற்றுருவம்! சர்க்கரைத் தண்ணீருக்குச் சிவப்புச் சாயம் பூசி, காபிக்கொட்டையின் கோபத்தை மட்டும் தனியே பிழிந்தூற்றி, வாய் பிளந்த வேங்கையொன்றின் படத்தை மேலே ஒட்டி, வேங்கை வோல்ட் என நாமகரணம் சூட்டப்பெற்ற கால் லிட்டர்ப் பேராற்றல்! அதன் விளம்பரத்தில் ஒருவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மலையிலிருந்து குதிப்பான். ஏன் குதிக்கிறான் என்பதை விளம்பரமும் சொல்லவில்லை, முனியராஜனும் கேட்கவில்லை. பாட்டிலில் வைட்டமின் என்று ஒரு சொல் இருந்தது. வைட்டமின் என்றால் சத்து. சத்து என்றால் பலம். பலம் என்றால் கறுப்பு டி-ஷர்ட். இவ்வண்ணம் தருக்க சாஸ்திரம் வழுவாமல் நடந்து அவன் அன்று மாலையே முதல் பாட்டிலை முடித்தான்.

விளைவு உடனே தெரிந்தது. அன்றிரவு உறக்கம் அவன் வாசலுக்கு வந்து, உள்ளே நடக்கும் ஆரவாரத்தைக் கேட்டு, தப்பான வீடு போலும் என்று திரும்பிவிட்டது. விடியலில் கண்ணில் மண்ணள்ளிப் போட்டது போலிருக்க, அந்த அயர்ச்சிக்கு மருந்தாக அவன் தேர்ந்தது எதை? இன்னொரு வேங்கை வோல்ட்டை! உறக்கத்தைக் கொன்றவனிடமே போய் உறக்கம் வரவில்லை என்று முறையிட்ட பேரறிவை வியந்து, பெட்டிக்கடைக்காரர் சில்லறையோடு ஒரு மிட்டாயும் தந்தனுப்பினார்.

நண்பகல். தகரக் கொட்டகையில் முப்பத்தேழு பேர் வட்டிலில் சோறிட்டுக் கைவைத்த வேளை. முனியராஜன் தன் தாய் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை நெஞ்செரிச்சல் காரணமாக ஓரந்தள்ளிவிட்டு, அடுத்த பாட்டிலை மடியிலிருந்து உருவினான். அவனருகே இருந்தவள் பேச்சியம்மாள். ஐம்பத்தெட்டு வயது, முழங்காலுக்குத் தைலமும் நாவுக்கு ஓய்வின்மையும் பூண்டவள்.

“ஏலே முனியா, அது என்னலே ரத்தக் கலரு? ஆருக்கும் ஏத்தக் கொண்டு போறியா?”

“எனர்ஜி அத்தை. ஒரு பாட்டிலு உள்ள போச்சுன்னா ஒத்த ஆளு பத்து ஆளு வேலை பாக்கலாம்.”

“பத்து ஆளு வேலைய நீயே பாத்துட்டா, மிச்ச ஒம்பது பேரு நாங்க எங்கன போறது? வேலை இல்லன்னு உங்க வீட்டு வாசல்லதான் வந்து உக்காரணும்.”

இகழ்ச்சிக்கு அஞ்சாத ஏந்தல் மூடியைத் திருகினான். புஸ்ஸ்ஸ் என்றது பாட்டில்.

ஐயகோ! உலகின் பிற பகுதிகளில் அவ்வொலி குளிர்ச்சியின் அறிகுறி. இம்மண்ணிலோ, பிறந்தது முதல் செவிகளுக்குப் பழக்கப்பட்ட ஒரே கட்டளை அது: ஓடு! அவனொழிந்த முப்பத்தாறு பேரும் மூன்று நொடியில் கொட்டகையைக் காலி செய்தனர். வட்டில்கள் உருண்டன. குழம்பு கிழக்கும் ரசம் மேற்குமாய்ப் பாய்ந்தன. முழங்கால் மடங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த பேச்சியம்மாள், அத்தனை பேருக்கும் முன்னால் வேலியைத் தாண்டிக் கருவேலமரத்துக்கு அப்பால் நின்றாள். நடுக்கொட்டகையில், நுரை வழியும் பாட்டிலோடு, ஓடாத ஒரே ஒருவனாய் முனியராஜன் வீற்றிருந்தான். காண்போர்க்கு அது துணிவு போலத் தோன்றினும், அவன் இதயம் மட்டும் அவர்களெல்லாரையும் முந்திக்கொண்டு சாத்தூர் வரை போய்விட்டிருந்தது.

“எவம்லே அது?” என வந்தார் வெள்ளைத்துரை. பாட்டிலைப் பார்த்தார். கவிழ்ந்த தம் வட்டிலையும் பார்த்தார். பின்பு ஓர் அரசாணை பிறந்தது: “இன்னிக்கிருந்து இந்தக் காம்பவுண்டுக்குள்ள புஸ்ஸுன்னு சத்தம் வர்ற எதையும் எவனும் தொறக்கப்பிடாது. கோலி சோடா உள்பட.”

ஆணையை மீறாத அறத்தோன் ஆகையால், முனியராஜன் இரண்டே முக்கால் மணிக்கு காம்பவுண்டுக்கு வெளியே போய் நின்று அன்றைய மூன்றாவது பாட்டிலைத் திறந்தான்.

அதன்பின் அவ்வுடலெனும் கோட்டைக்குள் நிகழ்ந்ததை நாவொன்று கொண்டு நவிலலாகுமோ! காஃபீன் எனும் பெருந்தளபதி நரம்பெனும் வீதிதோறும் பறையறைந்து, உறங்குவோரை எழுப்பி, எழுந்தோரை ஓட்டி, ஓடுவோரை அதட்டிப் போவானாயினான். சர்க்கரை எனும் இளவரசன் முதலில் பல்லக்கில் ஏற்றிவிட்டுப் பாதிவழியில் இறக்கிவிட்டான். இரைப்பையில் அமிலம் அலைகொழித்தது. சிறுநீர்ப்பையோ உணவு வேளைக்குப்பின் ஐந்து முறை திறந்தும் ஆறாவது முறைக்கு மனுப் போட்டது. நெஞ்சிலோ இடைவிடா முழக்கம். ஆமத்தூர்ப் பக்கம் எங்கோ கொடைக்கு மேளம் அடிக்கிறார்கள் என்று முதலில் நினைத்தான் முனியராஜன். பின்பு, ஆமத்தூர் அத்தனை பக்கத்தில் இல்லை என்பது அவன் நினைவுக்கு வந்தது.

மணி மூன்று. பொட்டல். ஒரு பக்கம் கொட்டகைச் சனம்; ஒரு பக்கம் இன்ஜின் உறுமும் வேன்; வேனின் கண்ணாடியில் மாட்டித் தொங்கியது கறுப்பு டி-ஷர்ட், காற்றில் கைவீசி அழைத்தபடி. நடுவே மூன்று புஸ்வாணங்கள், தம்மை அடைத்த கையாலேயே முக்தி பெறக் காத்திருந்தன. கனலும் ஊதுபத்தியை ஏந்தி, முழந்தாள் மண்ணில் ஊன்றி, முதல் திரியை நோக்கி நம் தலைவன் கைநீட்டினான்.

கேளீர், அந்தப் போரை! ஊதுபத்தி திரிக்கு வலப்புறம் பாய்ந்தது. திரி இருந்த இடத்தில் இருந்தது. இடப்புறம் பாய்ந்தது, திரி அசையவில்லை. மேலிருந்து பருந்தெனப் பாய்ந்து கூம்பின் தோளில் பொத்தல் போட்டது. கீழிருந்து பாம்பெனச் சீறி மண்ணைச் சுட்டது. பகைவன் விரல் நீளமே உடையவன், காகிதத்தால் ஆனவன், ஓடாதவன், ஒளியாதவன், எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாதவன். ஆயினும் அவனைத் தொட முடியவில்லை. கனல்நுனி வெட்டவெளியில் எழுதிய எழுத்துகளைக் கூட்டிப் படித்திருந்தால் ஒரு மனுவே தேறியிருக்கும். வலக்கை நடுங்குகிறதே என்று இடக்கையால் பிடித்தான். இப்போது இரண்டும் சேர்ந்து நடுங்கின. பல்லைக் கடித்தான், பல்லும் நடுங்கியது. கண்ணோரத்தில் டி-ஷர்ட் ஆடியது. கடல் ஒருகணம் கண்முன் விரிந்து, உப்பு நெற்றியிலிருந்து வாய்க்கு வழிந்தது.

“என்னலே, புஸ்வாணத்துக்கு ஆரத்தி எடுக்கியா?” என்றாள் பேச்சியம்மாள்.

சனம் சிரித்தது. அச்சிரிப்பில் அவன் முழங்கை இடறி, முதல் புஸ்வாணம் இரண்டாவதன்மேல் சாய, இரண்டாவது மூன்றாவதைக் கட்டிக்கொண்டு விழுந்தது. ஊதுபத்தி ஒடிந்து மண்ணில் புதைந்து அணைந்தது. வெளிச்சத்திலேயே பிறந்து வெளிச்சத்திலேயே வளர்ந்த பட்டாசுப் பூமியில், ஒரு புஸ்வாணத்தைக் கொளுத்த மாட்டாத முதல் ஆண்மகன் எனும் அழியாப் புகழ் அவன்மேல் வந்து அமர்ந்தது.

அடுத்து மாரிசெல்வி. அவளைப் பாடக் காவியத்தில் இடமில்லை. அவள் ஒன்றும் செய்யவில்லை. புதிய ஊதுபத்தி வாங்கினாள், சாய்ந்தவற்றை நிமிர்த்தினாள், ஒன்று, இரண்டு, மூன்று எனத் தொட்டாள், துப்பட்டாவைச் சரிசெய்தபடி நடந்து வந்தாள். அவள் பின்னால் மூன்று பொன்மரங்கள் எழுந்து பூத்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளைத்துரை முனியராஜனின் மணிக்கட்டைப் பற்றி, கண்மூடிச் சிறிது நேரம் நின்றார். “என்னலே இது, ஆயிரம்வாலாச் சரம் வெடிச்ச கணக்கா ஓடுது? நிக்கவே மாட்டேங்குது?” பின்பு குரலைத் தாழ்த்தினார். “கை நடுங்குறவன் மருந்துப் பக்கம் வரப்பிடாதுடா. போறது உன் விரலு மட்டுமில்ல. நாளைக்கு மொத வேலையா ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷரு பாரு. அது வரைக்கும் அட்டைப்பெட்டி மடிக்கிற எடத்துல இரு.”

மாரிசெல்வி, அவன் மடியிலிருந்து நழுவிக் கிடந்த வெற்றுப் பாட்டிலைக் குனிந்தெடுத்துத் திருப்பினாள். அதன் விலாவில், எறும்பும் கண்ணாடி போட்டால்தான் வாசிக்கக்கூடிய எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது. “ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல வேண்டாம்னு இதுலயே போட்டிருக்குல்லண்ணே? நெஞ்சு படபடப்பு இருக்கவுக குடிக்கவே கூடாதாம்.”

“அம்புட்டுப் பொடி எழுத்த எவன் படிப்பான்?” என்றான் முனியராஜன்.

“நம்ம பெட்டில போடுறதும் அதே பொடி எழுத்துதான். ஊரெல்லாம் படிச்சிட்டா கொளுத்துறாக?” என்றவள், பாட்டிலை அவன் நடுங்கும் கையிலேயே கொடுத்துவிட்டு, தனக்கு இரண்டு அளவு பெரிதான கறுப்பு டி-ஷர்ட்டைச் சுடிதார்மேல் மாட்டிக்கொண்டு, பலவேசம் விட்டுப்போன சன்னலோரத்தில் ஏறி அமர்ந்தாள்.

வேன் நகர்ந்தது. கரும்புழுதி எழுந்து கருவேலங்காட்டை மறைத்தது. கடல் எந்தத் திசையிலிருந்ததோ அந்தத் திசையில் அதன் பின்விளக்குகள் சிறுத்துச் சிறுத்து இரு ஊதுபத்தி நுனிகளாய் அணைந்தன. அப்போது, பேச்சியம்மாளும் வாயடைத்து நிற்க, பறவைகள் கிளைமாறாது இருக்க, பொட்டலின் நட்டநடுவே முனியராஜன் அந்தச் செந்நிறப் பாட்டிலை வலக்கையில் ஏந்தி விண்ணோக்கி உயர்த்தி, “இந்தக் கரிசல் சாட்சியாக, இந்தக் கருவேலங்காடு சாட்சியாக, இன்று நான் காணாத அந்தக் கடல் சாட்சியாக, இனி என் உயிருள்ளவரை நான்” எனத் திசையெட்டும் அதிரத் தன் மாபெரும் சூளுரையைத் தொடங்கினான்.

ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்ததால் பாதியில் போய்விட்டான்.