சிறப்பு விருந்தினருக்குத் தேதி இல்லை

நிவாரணத் தலைவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காமல் தப்பிக்க முடியாது. ஃபிளெக்ஸில் ஆளுயரத்துக்குக் கும்பிட்டு நிற்பவர் அவர்தான். சண்டையில் வீடிழந்தவர்கள் அவர் முழங்காலுக்குக் கீழே தபால்தலை அளவில் இருப்பார்கள். எந்த ஊரில் துப்பாக்கி வெடித்தாலும் இவருக்கு நெஞ்சு பதறும். பதறிய நெஞ்சோடு முதல் ஃபோன் யாருக்குப் போகும் என்கிறீர்கள்? ஃபிளெக்ஸ் அடிப்பவருக்கு. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுக்க இவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! வாளியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாங்குகிறவள் இழுக்க இழுக்க விடாமல், முகத்தைக் கேமரா பக்கம் திருப்பி, சிரிக்கலாமா கூடாதா என்று ஒரு கணம் தடுமாறி, கடைசியில் சோகமாகச் சிரிப்பார்.

மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மாரிக்கண்ணன் அண்ணாச்சி இந்த இனத்தில் முதல் தரம். தாராவியில் அவருடைய நலச் சங்கத்துக்குத் தெருவோரமாக ஒரு மண்டபமும், பின்னால் மின்விசிறியோடு ஓர் அறையும் உண்டு. மணிப்பூரில் கலவரம் மூண்டு, பர்மா எல்லையிலுள்ள மோரேயிலிருந்து தமிழ்க் குடும்பங்களும் கிளம்ப வேண்டி வந்தபோது, அண்ணாச்சி அழுதார். பொய்யாக அல்ல, உண்மையாகவே அழுதார். அழுதுவிட்டு வசூலில் இறங்கினார். கம்பளியாக வாங்கிக் குவித்தார். மும்பையில், மே மாதத்தில், கம்பளி! மணிப்பூர் குளிர்ப் பிரதேசமாம்.

அந்த மோரேயிலிருந்து சாயிரா வந்திருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. தோல் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன் ஷகீலின் அறையில்தான் தங்கியிருந்தாள். அந்த அறையோ மாடியில் இருந்தது. ஏறி இறங்க, சுவரோடு ஒட்டிய செங்குத்தான இரும்பு ஏணி ஒன்றுதான். கக்கூஸ் தெருக்கோடியில். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குவாள்.

ஷகீலோடு ஒருநாள் மண்டபத்துக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, அந்தப் பின் ரூம் சும்மாதானே இருக்கு? பிரசவம் ஆகுற வரைக்கும் கீழ படுத்துக்கிறேன். மழை வந்துட்டா ஏணி வழுக்கும்."

"சும்மாவா? என்னம்மா இப்படிச் சொல்லுத? நிவாரணச் சாமான்லாம் அங்கதான கெடக்கு! எல்லாம் உங்களுக்குத்தான்."

"அப்ப எடுத்துக் குடுத்துருங்களேன் அண்ணாச்சி, ரூம் காலியாயிரும்" என்றான் ஷகீல்.

"நல்லாருக்கே! ஃபங்ஷன் வைக்காம எப்படிப்பா குடுக்கது? சீஃப் கெஸ்ட் பில்டர் துபாய் போயிருக்காரு. தேதி குடுத்ததும் அடுத்த ஞாயித்துக்கெழமையே முடிச்சிருவோம்லா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே வரம் உள்ளே மின்விசிறிக் காற்றில் இருந்தது. சாமான்களில் ஈரம் தட்டக் கூடாதென்று அண்ணாச்சி மின்விசிறியை நிறுத்தவே விடுவதில்லை. கிளம்பியவளை அவர் அன்போடு கூப்பிட்டார்.

"ஃபங்ஷனுக்கு இந்தப் பட்டுச்சேலைய உடுத்தாதம்மா. போட்டோல ஒரு மாதிரி இருக்கும். பழசா ஒண்ணு கட்டிட்டு வா."

"கல்யாண வீட்டுக்குக் கட்டிட்டுப் போனது அண்ணாச்சி. ஓடும்போது இதுதான் உடம்புல இருந்துச்சு. பழசெல்லாம் வீட்டோட எரிஞ்சு போச்சு."

அண்ணாச்சி உச்சுக் கொட்டினார். மேடையில் சொல்வதற்கு நல்ல விஷயம் கிடைத்ததே என்று மனதில் குறித்துக்கொண்டார்.

பில்டர் துபாயிலிருந்து வந்தார். வந்தவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போனார். ஞாயிறுகள் போயின. மழை மட்டும் யாரிடமும் தேதி கேட்கவில்லை. முதல் மழையன்றே ஏணியில் சாயிராவுக்குக் கால் சறுக்கியது.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பின் அறையின் பூட்டைத் திறக்காவிட்டாலும் ஓட்டத்தில் குறை வைக்கிற ஆளில்லை அவர். சங்கத்து போட்டோகிராஃபரும் கூடவே ஓடினான். சாயிராவின் காலில் மாவுக்கட்டு; நாள் நிறையுமுன் பிறந்த குழந்தை எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். அவளுக்கு அதை இன்னும் காட்டவில்லை. பிழைக்குமா என்று ஷகீல் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றிருந்தாள் நர்ஸ்.

சாயிரா அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டாள்.

"மழை பெஞ்சிச்சே அண்ணாச்சி. சாமானெல்லாம் நனையாம இருக்கா?"

ஷகீல் தலையைத் திருப்பிக்கொண்டான். அண்ணாச்சியின் முகமோ மலர்ந்துவிட்டது. இந்த நிலைமையிலும் சங்கத்துச் சொத்தின் மேல் எவ்வளவு அக்கறை!

"ஒரு சொட்டுப் படலம்மா" என்றார் பெருமையாக.

சீ, என்ன மனுஷன் என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும், யாராவது கஷ்டப்பட்டவருக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள் எடுத்துக் கட்டி வைத்திருக்கிறீர்களே, கட்டிலுக்கடியில் ஒரு மூட்டை, அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள். தூசி தட்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்.