ஜன்னலோரம் கடிதம் வாசிக்கும் ஆண்

குளியலறையிலிருந்து மீசை இல்லாமல் வெளியே வந்த கணவரைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

"என்ன இது?"

"எடுத்துட்டேன்."

"அது தெரியுது. ஏன்?"

"வெயிலுக்கு" என்றார் அவர். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பஸ்களுக்குக் கால அட்டவணை போடும் பிரிவில் வேலை பார்ப்பதால் ஆபீசில் அவரை எல்லோரும் டைம்டேபிளார் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் பேனாவில் இருக்கிறது. நூற்று நாற்பது பஸ்களை ஒன்றோடொன்று சந்திக்க வைத்துவிடுவார். சொந்த வீட்டில் தானும் பெண்டாட்டியும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் அவரால் ஒரு ஏற்பாடு பண்ண முடியவில்லை. பதினொரு வருஷத்தில் பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் "கேஸ் தீர்ந்துடுச்சு", "சாவி எங்க" என்ற அளவில் வந்து நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, காபியை ஆற விட்டு, பிரிந்துவிடுவது என்று மரியாதையாக முடிவு செய்தார்கள். அவளுக்கு வெளியூரில் ஒரு ஓவியக் கல்லூரியில் வேலை காத்திருந்தது. கையில் இருக்கிற கடைசிப் படத்தை முடித்ததும் கிளம்புவதாக ஏற்பாடு.

அந்தக் கடைசிப் படத்தில் நிற்பவர்தான் டைம்டேபிளார்.

அவள் வரைந்துகொண்டிருந்தது ஒரு வரிசை. பழைய காலத்துப் பெரிய ஓவியங்களில் பெண்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தால், சாய்ந்து படுத்திருக்கிறார்கள், தலை சீவுகிறார்கள், பால் ஊற்றுகிறார்கள், ஜன்னலோரம் நின்று கடிதம் படிக்கிறார்கள். இவள் அதே அறையை, அதே வெளிச்சத்தை, அதே உடையை அப்படியே வைத்துக்கொண்டு, பெண் இருந்த இடத்தில் ஓர் ஆணைக் கொண்டுவந்து நிறுத்தினாள். "நானூறு வருஷமா பொம்பளைங்க ஜன்னலோரமா காத்துக்கிட்டு நின்னாச்சு. கொஞ்ச நாள் ஆம்பளைங்க நிக்கட்டும்" என்பாள். சாய்ந்து படுப்பதற்கு ஆண்கள் நான் நீ என்று வந்தார்கள். கடிதம் படிக்க வந்த எதிர்வீட்டு உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டாம் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார். வேறு வழியில்லாமல் கணவரைக் கேட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை அவர் நீலப் பட்டு மேலங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஒன்றும் எழுதாத காகிதத்தைக் கையில் பிடித்தபடி ஜன்னலோரம் நின்றார்.

"இதுல என்ன எழுதியிருக்கும்?" என்று முதல் நாள் கேட்டார்.

"வர்றேன்னோ, வரலன்னோ. எதுவா இருந்தாலும் அவதான் நிக்கணும். தாடையை இறக்குங்க."

கேன்வாஸின் முதுகுதான் அவருக்குத் தெரியும். மூலையில் கையெழுத்து போடும்வரை நிற்பவர் படத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவள் தொழில் சட்டம். பார்த்தால் அடுத்த நாளிலிருந்து படத்தில் இருப்பவரைப் போல நிற்கப் பார்ப்பார்களாம். டைம்டேபிளார் சட்டத்தை மீறுகிறவர் அல்ல. தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூடச் சுவர் ஓரமாக, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஆரம்பத்தில் பெயின்டில் கலக்கும் டர்பன்டைன் நாற்றத்தில் தலை வலித்தது. இப்போது பழகிவிட்டது போலிருக்கிறது, நாற்றமே தெரியவில்லை.

கால் வலித்தது, கழுத்து வலித்தது. ஆனால் அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எல்லாம் முடியப்போகிற நேரத்தில் வந்த இந்தச் சுகத்தை நினைத்தால் அவருக்கு அழுகை வரும். மூக்கை உறிஞ்சினால், "அசையாதீங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து அதட்டல் வரும்.

நேற்று சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "படம் எப்ப முடியும்?"

அறைக் கதவருகில் போன அவள் திரும்பிப் பார்த்தாள். "அவசரமா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"இன்னும் நாலஞ்சு நாள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போகாதே என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட முடிவை ஒருவராக மாற்றுவது அவர் தொழிலுக்கே விரோதம். ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டுக் காலையில் மீசையை எடுத்தார்.

அவள் அவர் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு கேன்வாஸுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

"முகம் முழுக்க மறுபடி ஆரம்பிக்கணும். ஒரு வாரம் ஆகும். இனி ஒரு மணி நேரம் போதாது, ரெண்டு மணி நேரம் நிக்கணும்."

"நிக்கறேன்" என்றார், தண்டனை பெற்ற குரலில். உள்ளுக்குள் துள்ளினார்.

துள்ளல் ஆபீஸ் போகும்வரைதான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மணி நேரம் தாமதம். "டைம்டேபிளாரே லேட்டா?" என்று மேலதிகாரி கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். நின்ற களைப்பில் மேஜையிலேயே தூங்கி விழுந்து போட்ட அட்டவணைப்படி, ஒரே ஒரு வண்டி போகக்கூடிய சந்துக்குள் எதிரும் புதிருமாக இரண்டு பஸ்கள் எட்டு பத்துக்கு நுழைந்தன. ஓட்டுநர்கள் இருவருமே அட்டவணையைக் காட்டி, பின்னால் எடுக்க மறுத்தார்கள். ஜனங்கள் இறங்கி நடந்தார்கள்.

வாரம் முடிகிற சமயத்தில் மேலங்கியைக் கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டார். அழுக்கு என்று சொல்லிக்கொண்டார். அது பாதியாகச் சுருங்கி, கை முழங்கையோடு நின்றது. சாயம் வெளுத்துப்போனது.

"நீலம் மொத்தமும் மாத்தணும்" என்றாள் அவள். கோபமா என்று தெரியவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். "பத்து நாள்."

"பரவாயில்ல."

"உங்களுக்குப் பரவாயில்ல."

ஈரம் போகாத மேலங்கியைப் போட்டு நின்றதில், மிச்சமிருந்த சாயம் கழுத்திலும் கையிலும் ஏறிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். மத்தியானத்துக்குள் அந்த வரிசையே காலியாகிவிட்டது. மேலதிகாரி கதவருகிலேயே நின்று, "சந்துக்குள்ள பஸ்ஸ விட்டப்பவே நெனச்சேன், உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு. லீவு போட்டுட்டுப் போங்க. நிறம் திரும்பினதும் வாங்க" என்றார்.

"லீவா?" என்றாள் அவள். "அப்ப சாயங்காலமும் நில்லுங்க."

காலையும் மாலையும் நின்றார். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, சாப்பிடும்போதும் கடிதம் படிக்கிற மாதிரியே குனிந்திருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தார். ஒருநாள் அவள், "வலிக்குதா?" என்றுகூடக் கேட்டாள். "இல்ல" என்றார். கேட்டதை நினைத்து அன்று முழுவதும் வலிக்கவில்லை.

அப்போதுதான் கல்லூரியிலிருந்து போன் வந்தது. "சரி, திங்கக்கிழமை வந்துடறேன்" என்று அவள் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. அன்றைக்கு வியாழக்கிழமை.

டைம்டேபிளார் தெரிந்த தச்சர் ஒருவரைக் கூப்பிட்டார். "ஜன்னல் லேசா ஆடுது. ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் தட்டிக்கிட்டு இருங்க, போதும்."

தச்சர் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "செல்லு அரிச்சிருக்கு சார். உள்ள ஒண்ணுமே இல்ல. எப்படி நிக்குதுன்னே தெரியல."

"நின்னுட்டுப் போகட்டும்."

"அதெப்படி சார் விட முடியும்?"

மனசாட்சி உள்ள தச்சர். அரை மணி நேரத்தில் ஜன்னலை நிலையோடு பெயர்த்து, ஓட்டையில் பலகையை வைத்து ஆணியடித்துவிட்டு, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அறை இருட்டாகிவிட்டது.

கடைக்குப் போயிருந்த அவள் திரும்பி வந்து, பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிக்கப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே" என்றாள். "மீசை, மேலங்கி, இப்ப ஜன்னல். என்கிட்ட இருந்து தப்பிக்கறதுக்கு வீட்டையே பிரிச்சுப் போடுவீங்களா?"

"அது வந்து..."

ஆயிரம் நிறுத்தங்களின் பெயரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், பலகையில் இருந்த ஆணிகளை எண்ணத் தொடங்கினார்.

"போதும். இனி நிக்க வேண்டாம். நான் நாளைக்கே கிளம்பறேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பழக்க தோஷத்தில், சுருங்கிப்போன மேலங்கியைப் போட்டுக்கொண்டு பலகைக்கு எதிரே போய் நின்றார். கேன்வாஸ் தாங்கியில் துணி மூடி இருந்தது. பக்கத்து அறையில் பெட்டியில் எதையோ திணிக்கிற சத்தம் கேட்டது. தன் கெட்டிக்காரத்தனத்தால் கடைசி மூன்று நாளையும் தொலைத்துவிட்ட மனிதர் இந்த உலகத்தில் தான் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டார். போய்ச் சொல்லிவிடலாம். என்ன சொல்வது? நீ போய்விடக் கூடாது என்றுதான் உன் படத்தைப் பாழாக்கினேன் என்றா? ஐந்து வருஷமாக இந்த வரிசைக்காக உழைக்கிறவள் அதைக் கேட்டால், இன்று மத்தியானம் கிளம்ப இருந்தவள் இப்போதே கிளம்பிவிடுவாள்.

வாசல் மணி அடித்தது. ஃபிரேம் கடைக்காரர். அவளுக்குக் கேன்வாஸ் இழுத்துக் கட்டித் தருவதும், முடிந்த படத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சட்டம் போடுவதும் அவர்தான். நீலக் கழுத்தோடும் பெண்பிள்ளை உடையோடும் நின்றவரைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டில் அவர் எவ்வளவோ பார்த்தவர்.

"அம்மா போன் பண்ணாங்க. ஸ்டாண்டுல இருக்கிறத வந்து எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க."

"அது இன்னும் முடியலையே" என்றார் டைம்டேபிளார். "என்னாலதான். நான் கெடுத்துட்டேன்."

ஃபிரேம் கடைக்காரர் துணியில் கை வைத்தார். டைம்டேபிளார் அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கையெழுத்து விழாத படம். கடைசி நாளில் மட்டும் எதற்குச் சட்டத்தை மீற வேண்டும்? துணி சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் பெட்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"பாத்து எடுங்க. நேத்து காலையில வரைக்கும் வரைஞ்சிருக்கா. பெயின்ட் ஈரமா இருக்கும்."

"இதுல ஏது சார் ஈரம்?" என்றார் ஃபிரேம் கடைக்காரர். "மீசையோட நீங்க நிக்கிற படத்த நான் சட்டம் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பி ரெண்டு மாசமாச்சு; இது அன்னிக்கு நான் கொண்டுவந்து வெச்ச வெறும் கேன்வாஸ், இன்னும் ஒரு புள்ளிகூட வைக்கல."